வாசகர் கேள்வி – பதில்: தோட்டம் போட்டால் காசு மிஞ்சுமா?

தென்னாப்பிரிக்க வாசகர்களிடமிருந்து காய்கறித் தோட்டம் பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த இதழில் சேர்த்திருக்கிறோம். சுருக்கியிருக்கிறோம், கேள்வியை மாற்றவில்லை.

கே: போன செப்டம்பரில் பின்வாசலில் ஒரு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் நீளத்தில் பலகைப் பெட்டி அடித்தோம். பலகைக்கு 900 ராண்ட். 30 லிட்டர் மண் மூட்டை 20க்கு 1,000. நாற்று 250. ரப்பர் குழாயும் மண்வெட்டியும் 650. உருளைக்கிழங்கு, வெங்காயம், தக்காளி, மக்காச்சோளம் போட்டோம். வந்ததையெல்லாம் கடை விலையில் கூட்டினாலும் 300 ராண்ட் தேறவில்லை. தக்காளி சாப்பாட்டில் வந்தாலே “தங்கத் தக்காளி” என்று வீட்டுக்காரர் கேலி செய்கிறார். நிஜமாகவே காசு மிஞ்சுமா, இல்லை இது வெறும் பொழுதுபோக்கா? எங்கள் பக்கத்தில் ஸ்பினச் கட்டு 15 ராண்ட், டானியா (கொத்தமல்லி) கட்டு 10, பச்சைமிளகாய்ப் பாக்கெட் 12.
— சாட்ஸ்வர்த் வாசகி

ப: மிஞ்சும். ஆனால் அந்தப் பெட்டியிலும் அந்த நாலு பயிரிலும் மிஞ்சாது.

முதலில் பெட்டி. 1 மீட்டர், 3 மீட்டர், 20 சென்டிமீட்டர் ஆழம் என்றால் 600 லிட்டர் மண். அதைக் கடையில் வாங்கினால் 20 மூட்டைதான் ஆகும். உங்கள் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மண்ணுக்கே போய்விட்டது. காய்கறிக்கு வாட் கிடையாது. மூட்டை மண்ணுக்கும் பலகைக்கும் குழாய்க்கும் 15 சதவீதம் வாட் உண்டு. வரியில்லாத பொருளை மிச்சம் பிடிக்க வரியுள்ள பொருளை அள்ளி வாங்குகிறோம். போதாததற்கு மூட்டை மண் ஒரு வருஷத்தில் மக்கி அமுங்கிவிடும், மறுபடியும் நாலைந்து மூட்டை கேட்கும்.

அதே இடத்தில் பெட்டி இல்லாமல் தரையைக் கொத்தி, மேலே 5 சென்டிமீட்டர் கனத்துக்கு மக்கிய உரம் பரப்பி, 20 சென்டிமீட்டர் ஆழம்வரை கலந்திருந்தால் 150 லிட்டர் போதும். ஐந்தே மூட்டை. களிமண்ணாக இருந்தால் ஈரத்தில் கொத்தாதீர்கள். ஒரு பிடி மண்ணை அமுக்கிப் பிடித்து விரலால் தட்டினால் உதிர வேண்டும். கொழுக்கட்டை மாதிரி அப்படியே நின்றால் இரண்டு நாள் பொறுங்கள். ஈரக் களிமண்ணை மிதித்துக் கொத்தினால் காய்ந்ததும் செங்கல்லாகிவிடும், அந்த வருஷம் வேர் இறங்காது. டர்பன் பெரியா மேட்டுப் பக்கம் செம்மணல்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்களுக்கு வேறு தொல்லை: ஊற்றின தண்ணீரும் உரமும் நிற்காமல் கீழே போய்விடும். அங்கே மக்கிய உரத்தை ஒவ்வொரு போகத்துக்கும் போட வேண்டும்.

இனி பயிர். மூன்று சதுர மீட்டர் முழுக்க உருளைக்கிழங்கு வைத்து, நன்றாகவே வந்தாலும் எட்டு ஒன்பது கிலோ. நாலு மாதம் இடத்தை அடைத்து வைத்து, கடையில் விற்கிற 10 கிலோ பாக்கெட் ஒன்றுக்குக்கூடக் காணாது. வெங்காயம் ஐந்தாறு மாதம் எடுக்கும், அதுவும் மலிவான சரக்கு. மக்காச்சோளம் காற்றில் மகரந்தம் சேரும் பயிர். ஒரே வரிசையாக நட்டால் கதிர் பொக்கைவாயாகத்தான் வரும். குறைந்தது நாலுக்கு நாலு என்று சதுரமாக நட வேண்டும், அதற்கு உங்களிடம் இடமில்லை. தக்காளியைச் செப்டம்பரில் வைத்ததும் தப்பு. டர்பன் கரையோரத்தில் மழையும் புழுக்கமும் சேரும் கோடையில் இலைக்கருகலும் பழ ஈயும் சேர்ந்து பாதியைத் தின்றுவிடும். இங்கே உறைபனி கிடையாது என்பதால் பிப்ரவரி, மார்ச்சில் விதைத்துக் குளிர்காலத்தில் பறிப்பதுதான் லாபம்.

காசு மிஞ்சுவது மூன்று வகையில்: திரும்பத் திரும்பக் கிள்ளக்கூடிய கீரை, கடையில் சின்னக் கட்டாகக் கட்டி விற்கிற இலைகள், பிறகு மிளகாய். உங்கள் விலையையே வைத்துக் கணக்குப் போடலாம்.

கடையில் ஸ்பினச் என்று விற்கிற அகல இலைக் கீரை, விதைப் பாக்கெட்டில் ஸ்விஸ் சார்ட் என்று இருக்கும். ஃபோர்ட்ஹூக் ஜயண்ட் ரகம் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. 30 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒரு சதுர மீட்டருக்குப் பத்துச் செடி. ஒரு விதை என்று நாம் நினைப்பது உண்மையில் இரண்டு மூன்று விதை ஒட்டிய கொத்து. கூட்டமாக முளைத்தால் ஒன்றை விட்டு மற்றதைப் பிடுங்கிக் கூட்டில் போடுங்கள். விதைத்து எட்டு வாரத்தில் பறிக்கலாம். வெளி இலைகளை மட்டும், அடிக்காம்போடு முறுக்கி ஒடிக்க வேண்டும், நடுக்குருத்தில் ஐந்து இலையாவது நிற்க வேண்டும். செடியையே மொட்டையாக வெட்டுகிறவர்களுக்கு மூன்று வாரம் ஒன்றும் கிடைக்காது. பத்துச் செடியில் வாரம் இரண்டு கட்டு என்று குறைத்தே வைத்தாலும் 16 வாரத்தில் 32 கட்டு, 480 ராண்ட்.

அரைச் சதுர மீட்டரில் கொத்தமல்லி, மூன்று வாரத்துக்கு ஒரு தரம் கொஞ்சமாக விதைத்து, ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை வாரம் ஒரு கட்டு: 20 கட்டு, 200 ராண்ட். மிளகாய் இரண்டு செடி, வாரம் ஒரு பாக்கெட் அளவு, 20 வாரம்: 240 ராண்ட். மொத்தம் 920. விதை மூன்று பாக்கெட்டுக்கு 75, எரு, உரம் 100 ராண்ட் என்று கழித்து, தண்ணீருக்கும் கொஞ்சம் ஒதுக்கினால் கையில் 700 நிற்கும்.

இந்த 700ஐ உங்கள் 2,800க்கு நேரே வைத்துப் பாருங்கள். முதல் மீள நாலு வருஷம். மருந்து ஏற்றாத பைன் பலகை டர்பன் ஈரத்தில் ஏறக்குறைய அத்தனை நாள்தான் தாங்கும். ஐந்து மூட்டை உரம், ஒரு மண்வெட்டி என்று 500 ராண்டில் தொடங்கியிருந்தால் முதல் வருஷமே மீந்திருக்கும். பெட்டியைப் பிரிக்கச் சொல்லவில்லை, போட்டது போட்டதுதான். இனிமேல் அதில் காசு போடாமல், பயிரை மாற்றுங்கள்.

தண்ணீரைப் பற்றியும் கேட்பார்கள், இங்கேயே சொல்லிவிடுகிறோம். வெயில் நாளில் ஒரு சதுர மீட்டருக்கு 5 லிட்டர், உங்கள் பாத்திக்கு 15 லிட்டர். மாதம் முழுக்க ஊற்றினாலும் 450 லிட்டர், அரைக் கிலோலிட்டர்கூட இல்லை. ஆனால் நிமிஷத்துக்கு 15 லிட்டர் கொட்டுகிற குழாயைப் பாத்தியில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய் அரைமணி கழித்து வந்தால் அதே 450 லிட்டர் ஒரே நாளில் போயிருக்கும். நகராட்சித் தண்ணீர் பயன்பாடு ஏற ஏறப் படிப்படியாக விலை ஏறுவது. அந்த அரைமணி உங்களை அடுத்த படிக்குத் தள்ளலாம். பூவாளி வாங்குங்கள்.

இன்னொன்று. மிச்சம் என்பது எந்த விலையோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. சூப்பர்மார்க்கெட்டில் பிளாஸ்டிக்கில் சுற்றின கொத்தமல்லி வாங்குகிறவருக்கு மிச்சம் அதிகம். வெள்ளி, சனியில் சாட்ஸ்வர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டுக்கோ, 1910இலிருந்து நடக்கிற வார்விக் விடிகாலைச் சந்தைக்கோ போகிறவருக்கு மிச்சம் குறைவு. வெங்காயம், உருளை, முட்டைக்கோசை அங்கே வாங்குங்கள். உங்கள் உழைப்பு நேரத்துக்கு நாங்கள் விலை போடவில்லை; போட்டால் யார் தோட்டமும் தேறாது.

கே: 20 லிட்டர் பெயின்ட் வாளிகளில் கத்தரி வைத்தேன். பூத்துக் காய் பிடிக்கும் நேரத்தில் ஒரு செடி மதியம் துவண்டது, மாலையில் நிமிர்ந்தது. மூன்றாம் நாள் இலை பச்சையாகவே இருக்க, மொத்தமும் சாய்ந்துவிட்டது. தண்ணீர் கூட்டியும் பயனில்லை. பக்கத்து வாளியிலும் இப்போது அதே கதை.
— ஃபீனிக்ஸ் வாசகர்

ப: இலை மஞ்சளாகாமல் பச்சையாகவே துவண்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பாக்டீரியா வாடல். வீட்டிலேயே சோதிக்கலாம். மண்ணுக்கு மேலே ஒரு விரற்கடை விட்டுத் தண்டைக் குறுக்காக வெட்டுங்கள். கண்ணாடி டம்ளரில் சுத்தமான தண்ணீர் நிரப்பி, வெட்டின முனை நீரில் பட்டும் படாமல் தொங்கும்படி தண்டைப் பிடியுங்கள். ஆட்டக்கூடாது. ஐந்து நிமிஷத்துக்குள் முனையிலிருந்து பால் நூல் மாதிரி வெள்ளையாக ஒன்று நெளிந்து கீழே இறங்கினால் அதுதான். தண்ணீர் ஏறுகிற குழாய்களை அந்தக் கிருமிக் கூழ் அடைத்திருக்கிறது. அதனால்தான் வேரடியில் எத்தனை ஊற்றினாலும் இலைக்குப் போகவில்லை.

நூல் வரவில்லை என்றால் செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். மணிமணியாக முடிச்சு இருந்தால் நூற்புழு. வேர் பழுப்பாக, உருவினால் தோல் கழன்று வந்தால் வாளியில் தண்ணீர் தேங்கி அழுகியது. அடியில் 10 மில்லிமீட்டர் துளை ஆறாவது இருக்கிறதா பாருங்கள். பக்கவாட்டில் ஒரே ஒரு துளை போட்ட வாளிகள்தான் பெரும்பாலும் இப்படி அழுகும்.

பாக்டீரியா வாடலுக்கு மருந்து இல்லை. யார் புட்டியில் விற்றாலும் வாங்காதீர்கள். செடியை மண்ணோடு மூட்டை கட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். வாளியைத் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு ஜிக் பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்று கலந்து அரைமணி ஊறவையுங்கள். கத்தரிக்கோல், மண்வெட்டிக்கும் அதுவே. புது மண்ணிலும் அடுத்த போகத்துக்குக் கத்தரி, தக்காளி, மிளகாய், உருளை இந்த நாலும் வேண்டாம், எல்லாம் ஒரே குடும்பம். கீரையோ பீன்சோ வையுங்கள். இந்தக் கிருமி தோட்டத்து மண்ணோடும் வாங்கின நாற்றோடும் வரும். இரண்டு செடிக்காகப் பக்கத்து வீட்டு மண்ணை இரவல் வாங்கி வாளியில் நிரப்புவது சிக்கனம் மாதிரித் தெரியும்.

கே: சமையலறைக் கொத்தமல்லி விதையைப் போட்டால் முளைப்பதே இல்லை. முளைத்தாலும் நாலு இலை விட்டதும் பூத்துவிடுகிறது. விதைப் பாக்கெட்தான் வாங்க வேண்டுமா?
— வெருலம் வாசகி

ப: வேண்டாம். மளிகைக் கடை மல்லியே போதும், வறுக்காததாக, வாசனை போகாததாக இருக்க வேண்டும். உருண்டையாகத் தெரிகிற ஒவ்வொன்றிலும் இரண்டு விதை. சப்பாத்திப் பலகையில் பரப்பிக் குழவியை லேசாக உருட்டினால் இரண்டாகப் பிளக்கும், பொடியாக்கிவிடாதீர்கள். ஓர் இரவு ஊறவைத்து, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில், விரல் அகல வரிசையில் நெருக்கமாகத் தூவி மண் மூடுங்கள். முளைக்க ஏழு முதல் பதினாலு நாள். அதுவரை மேல்மண் காயக்கூடாது, ஒரு சாக்குத் துணி போட்டு வையுங்கள். முளை தெரிந்த அன்றே எடுத்துவிடுங்கள்.

பூப்பதற்குக் காரணம் வெயில். நவம்பரில் விதைத்தால் என்ன செய்தாலும் பூக்கும். மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை விதையுங்கள். நாற்றாகப் பிடுங்கி நடவும் கூடாது. ஆணிவேர் அறுந்தால் செடி பயந்து பூவெடுக்கும். கடையில் தட்டில் விற்கிற டானியா நாற்று இந்தக் காரணத்தால் வீண் செலவு. வெந்தயமும் சமையலறை டப்பாவிலிருந்தே போடலாம், நாலைந்து நாளில் முளைக்கும், மூன்று நாலு வாரத்தில் அறுக்கலாம்.

கே: குரங்குகள். வேறென்ன சொல்ல?
— ரெசர்வாயர் ஹில்ஸ் வாசகர்

ப: சொன்னதே போதும். சுடுவதும் விஷம் வைப்பதும் சட்டப்படி குற்றம், கையில் எடுக்காதீர்கள். மேல்பக்கமும் மூடின கூண்டு ஒன்றுதான் வழி. மரச்சட்டத்தில் 25 மில்லிமீட்டர் கம்பிவலை ஆணியடித்து, கதவுக்குக் கொக்கி அல்ல, தாழ்ப்பாளும் ஊசியும் போட வேண்டும். கொக்கியைத் திறக்க அவற்றுக்கு ஒரு நிமிஷம் போதும். மெல்லிய பிளாஸ்டிக் பறவை வலை வேண்டாம், கிழிந்துவிடும், குட்டியும் பாம்பும் சிக்கிக்கொள்ளும்.

கூண்டு விலை உங்கள் மூன்று வருஷ மிச்சத்தை விழுங்கும். அதனால் அவை பெரும்பாலும் தொடாததை வெளியில் வையுங்கள்: மிளகாய், கறிவேப்பிலை, புதினா, வெங்காயத்தாள், பூண்டு, எலுமிச்சைப்புல். தக்காளி, மக்காச்சோளம், பீன்ஸ் மூன்றும் குரங்குக்கு விருந்து. எங்கள் யோசனை, அந்த மூன்றையும் விட்டுவிடுங்கள்.

கே: கூரைத் தண்ணீர் பிடிக்க ஜோஜோ தொட்டி வாங்கலாமா? தோட்டத்துக்கு மட்டும்தான்.
— மெரிபேங்க் வாசகர்

ப: தோட்டத்துக்கு மட்டும் என்றால் பெரிய தொட்டி வேண்டாம். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 20 சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் பெய்தால் 500 லிட்டர், சிந்தல் போக 400 வைத்துக்கொள்ளுங்கள். சிக்கல் வேறு இடத்தில்: டர்பனில் வருஷத்துக்குச் சுமார் 1,000 மில்லிமீட்டர் மழை என்றாலும் அதில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து மார்ச்சுக்குள் கொட்டிவிடுகிறது. தொட்டி நிறையும்போது பாத்தியும் நனைந்திருக்கும். பாத்தி காயும் ஜூன், ஜூலையில் தொட்டி சும்மா நிற்கும். சின்னத் தோட்டத்துக்கு 210 லிட்டர் பீப்பாய் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. முன்பு ரசாயனம் அடைத்த பீப்பாய் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்; உணவுப் பொருள் வந்ததா என்று கேட்டு வாங்குங்கள். உங்கள் பக்கம் ஆலைப் புகை அதிகம், ஆகவே வறட்சிக்குப் பின் வரும் முதல் மழையில் முதல் 20 லிட்டரை வெளியே விட்டுவிட்டுப் பிறகு பிடியுங்கள், கீரையையும் நன்றாகக் கழுவுங்கள். வாயில் கொசுவலை கட்டாயம்.

கே: 2:3:2 (22) என்று உரப் பையில் போட்டிருக்கிறதே, அடைப்புக்குறிக்குள் என்ன?
— டொங்காட் வாசகர்

ப: முதல் மூன்று எண் தழை, மணி, சாம்பல் சத்துகளின் (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம்) விகிதம். அடைப்புக்குறி எண், மூன்றும் சேர்ந்து பையில் எத்தனை சதவீதம் என்பது. (22) பையில் 22 சதவீதம் சத்து, மீதி நிரப்புப் பொருள். பக்கத்தில் 2:3:2 (14) மலிவாகக் கிடந்தால் எடுப்பதற்கு முன் வகுத்துப் பாருங்கள். விலை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால்தான் அது மலிவு. நடும்போது சதுர மீட்டருக்கு 60 கிராம், மண்ணில் கலந்து. கீரைக்கு மட்டும், நட்ட பிறகு நாலு வாரத்துக்கு ஒரு தரம் எல்.ஏ.என். என்கிற தழைச்சத்து உரம் 30 கிராம், தண்டில் படாமல், உடனே தண்ணீர். ஒரு பிடி கூடப் போட்டால் இலை ஓரம் கருகும். பச்சைக் கோழி எருவும் இப்படித்தான் சுடும். மூன்று மாதமாவது மக்க வைத்துப் போடுங்கள்.

கே: ஜோகன்னஸ்பர்க் பக்கம் இருக்கிறோம். டர்பன் உறவினர்கள் சொன்ன மாதத்தில் நட்டு எல்லாம் கருகிவிட்டது.
— லெனேசியா வாசகி

ப: உங்களுக்கு மே முதல் ஆகஸ்ட் வரை உறைபனி உண்டு, செப்டம்பரிலும் எட்டிப் பார்க்கும். கத்தரி, மிளகாய், வெண்டை, தக்காளியை அக்டோபரில் நடுங்கள். குளிருக்கு ஸ்பினச், பட்டாணி, பூண்டு தாங்கும். கறிவேப்பிலையைத் தொட்டியில் வைத்து, குளிரில் வடக்கு பார்த்த சுவர் ஓரத்துக்கு நகர்த்துங்கள். தென்கோளத்தில் வெயில் அந்தப் பக்கம்தான். இலை கொட்டினால் செத்துவிட்டது என்று பிடுங்காதீர்கள். கிளையை நகத்தால் கீறிப் பாருங்கள், பச்சை இருந்தால் செப்டம்பரில் துளிர்க்கும்.

கே: பாத்தியில் தானாக முளைக்கிற கீரையைப் பணிப்பெண் இம்ஃபினோ என்று பறித்துப்போய்ச் சமைக்கிறார். நாங்களும் சாப்பிடலாமா?
— பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி

ப: தாராளமாக. இம்ஃபினோ என்பது இலைக்கீரைகளுக்கு ஜூலு மொழியில் பொதுப்பெயர். மழைக்குத் தானாக வருவதில் பெரும்பங்கு நம் தண்டுக்கீரை, முளைக்கீரை இனம்தான். பைசாச் செலவில்லாத பயிர், அதைக் களை என்று பிடுங்கிப் போட்டுவிட்டு நாற்று வாங்குகிறோம். பூவெடுக்கும் முன் கிள்ளுங்கள். ஒரே எச்சரிக்கை, ஊமத்தையும் அதே மழைக்கு அதே இடத்தில் முளைக்கும், அது விஷம். ஊமத்தை இலை ஓரம் ஒழுங்கில்லாமல் பல்பல்லாக இருக்கும், கசக்கினால் கெட்ட நாற்றம். கீரையின் இலை ஓரம் வெட்டில்லாமல் இருக்கும். சந்தேகமான செடி கூடைக்குப் போகக்கூடாது. அந்த அம்மாவிடமே இரண்டு நாள் கூட நின்று பார்த்துக் கற்றுக்கொள்வது உத்தமம்.

கே: வீட்டுக்குப் பின்னால் எப்போதும் சொதசொதவென்று ஒரு மூலை. எதை வைத்தாலும் அழுகுகிறது.
— சாட்ஸ்வர்த் வாசகர்

ப: மதும்பி வையுங்கள், நம் சேப்பங்கிழங்கு. சோப்புத் தண்ணீரோ கழிவுநீரோ தேங்குகிற இடமாக மட்டும் இருக்கக்கூடாது. சந்தையில் வாங்கின கிழங்கில் கோழிமுட்டையைவிடச் சின்னதாக, முளைக்கண் தெரிகிறதாகப் பொறுக்கி, செப்டம்பரில் 8 சென்டிமீட்டர் ஆழத்தில், 45 சென்டிமீட்டர் இடைவெளியில் முளை மேல்பக்கமாக நடுங்கள். இலை முழங்கால் உயரம் வந்ததும் அடியில் மண் அணைக்க வேண்டும். அணைக்காவிட்டால் கிழங்கு மேலே பிதுங்கிப் பச்சையாகும். ஏழெட்டு மாதத்தில், ஏப்ரல் மேயில் இலை மஞ்சளாகிச் சாயும்போது தோண்டுங்கள். நல்ல செடியில் அரைக் கிலோ எதிர்பார்க்கலாம். நடுவில் இலையும் பறிக்கலாம், ஒரு செடியில் ஒரு தடவைக்கு ஒன்று. சுத்தம் செய்யும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். தோலோடு வேகவைத்து உரித்தால் அரிப்பு இல்லை. தோண்டினதில் சின்னதுகளை ஒரு அட்டைப்பெட்டியில் காய்ந்த மணல் போட்டு, மழை படாத இடத்தில் வையுங்கள். செப்டம்பரில் விதைக்கிழங்கு வாங்க வேண்டியிருக்காது.